ஹெரன்ஹௌசன் பெருந்தோட்டமும் இறைவனது ஒழுங்கும்

திருமறையின் வரலாறு ஒரு தோட்டத்தில் தொடங்கி, ஜீவவிருட்சம் நிற்கும் நகரில் முடிவடைகிறது. இடையில், காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் நம் ஆண்டவர் சென்ற இடமும் தோட்டமே (யோவான் 18:1). அவரை அடக்கம் செய்த கல்லறை இருந்த இடமும் தோட்டமே (யோவான் 19:41). இவ்வாறு தோட்டத்தைப் பற்றி நாம் அடிக்கடி போதித்து வந்தபோதிலும், மனிதர் அமைத்த தோட்டம் ஒன்று எத்தகைய கடவுட்கொள்கையைத் தன்னுள் கொண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது அரிது. ஆலயக் கட்டடத்தை ஆராய்ந்து, அதனைக் கட்டினோரின் நம்பிக்கையை அறிந்துகொள்கிறோம். தோட்டத்தையும் அவ்வாறே வாசிக்கலாம்.

செருமனி நாட்டின் ஹனோவர் நகரிலுள்ள ஹெரன்ஹௌசன் பெருந்தோட்டம் இவ்வகை வாசிப்புக்கு மிகவும் ஏற்றது. அதன் பாதைகளில் பல்லாண்டுகள் நடந்து உரையாடியவர்களுள் ஒருவர் லைப்னிட்ஸ் (1646-1716) என்னும் தத்துவ அறிஞர். தீமை நிறைந்த உலகில் கடவுள் நீதியுள்ளவராய் இருப்பது எவ்வாறு என்னும் வினாவுக்கு விடைகூற முயன்று, அம்முயற்சிக்கே ஒரு பெயரையும் சூட்டியவர் அவர். அத்தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதன் வாயிலாக, ஒழுங்கைப் பற்றியும் துன்பத்தைப் பற்றியும் நாம் சபையில் பேசும் முறையைச் சோதித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பரோக் தோட்டத்தின் இலக்கணம்

'பரோக்' என்பது ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டிலும், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஓங்கி நின்ற கலைப்பாணியின் பெயர். ஒழுங்கற்ற வடிவமுடைய முத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது எனப் பெரும்பாலோர் கூறுவர். பெயர் ஒழுங்கின்மையைச் சுட்டினாலும், இப்பாணியில் அமைந்த தோட்டங்களோ ஒழுங்கின் உச்சநிலையைக் காட்டுவன. பிரான்சின் வெர்சேய் அரண்மனைத் தோட்டம் இவற்றுள் தலையாயது. 1661-ஆம் ஆண்டு முதல் பதினான்காம் லூயி மன்னனுக்காக லெ நோத்ர் என்பார் அதனை அமைத்தார். ஐரோப்பிய அரசர் பலர் அதனைத் தமக்கு முன்மாதிரியாகக் கொண்டனர்.

இத்தோட்டங்களின் இலக்கணத்தை மூன்று கூறுகளாகச் சொல்லலாம். முதலாவது, நடுக்கோடு. அரண்மனையின் நடுவிலிருந்து நேர்கோடாக ஒரு பாதை புறப்பட்டுத் தோட்டத்தின் மறுமுனை வரை செல்லும். அதன் வலப்புறம் எது உண்டோ, அது இடப்புறமும் உண்டு. இரண்டாவது, படிநிலை. அரண்மனைக்கு அருகில், பூக்களாலும் குறுஞ்செடிகளாலும் வண்ணச் சரளைக் கற்களாலும் தரையில் சித்திரம் வரையப்பட்டிருக்கும். இதனைப் 'பார்ட்டேர்' என்பர். வாசலில் இடும் கோலத்தை ஒரு வயல் அளவுக்கு விரித்தாற்போன்றது எனலாம். அதற்கு அப்பால், உயர்ந்த செடிவேலிகளால் அடைக்கப்பட்ட பசுமை அறைகள். அவற்றுக்கும் அப்பால் மரச்சாலைகள். மூன்றாவது, பார்வையிடம். முழு அமைப்பும் ஓரிடத்திலிருந்து நோக்கினால்தான் விளங்கும். அவ்விடம் அரண்மனையின் மேல்மாடிச் சாளரம். அங்கு நிற்கும் அரசனது கண்ணுக்கே ஒவ்வொரு வேலியும் வெட்டப்படுகிறது.

இம்மூன்றாம் கூற்றை வாசகர் நினைவில் இருத்த வேண்டுகிறோம். பின்வரும் சிந்தனை முழுவதும் இதனையே சார்ந்துள்ளது.

2. தோட்டம் உருவான வரலாறு

ஹெரன்ஹௌசன் தோட்டத்தின் பணி 1666-ஆம் ஆண்டு தொடங்கிற்று. ஆனால் இன்றைய பேருருவை அதற்கு அளித்தவர் சோபியா அம்மையார் (1630-1714). போகீமியாவின் அரசுரிமையை இழந்து ஹாலந்து நாட்டில் அடைக்கலம் புகுந்த பிரடெரிக் மன்னரின் மகள் அவர். அகதிக் குடும்பத்தில் ஹேக் நகரில் பிறந்தவர். சீர்திருத்தச் சபை மரபினர். லுத்தரன் அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, கணவர் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் 1692-இல் 'எலெக்டர்' பட்டம் பெற்றபோது தாமும் அச்சிறப்புக்கு உரியவரானார். எலெக்டர் என்போர் செருமானியப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற சிற்றரசர் ஆவர்.

1696-ஆம் ஆண்டு முதல், பிரெஞ்சுத் தோட்டக்கலைஞர் மார்ட்டின் ஷார்போன்யே என்பாரின் துணையுடன் சோபியா தோட்டத்தை இருமடங்காக விரிவாக்கினார். அதன் பரப்பு ஏறத்தாழ 50 ஹெக்டேர், அதாவது 120 ஏக்கருக்கும் மேற்பட்டது. இளமையில் ஹாலந்தில் கண்ட கால்வாய்களை நினைவூட்டும் வகையில், தோட்டத்தின் மூன்று புறங்களிலும் அகழி வெட்டப்பட்டது. தோட்டமே தமது வாழ்க்கை என்று கூறுமளவுக்கு அவர் இதனை நேசித்தார்.

இங்கிலாந்து நாடாளுமன்றம் 1701-இல் இயற்றிய அரசுரிமைச் சட்டத்தின்படி, ஆன் அரசிக்குப் பின் அந்நாட்டு அரியணை சோபியாவுக்கும் அவர்தம் புராட்டஸ்டண்டு வழித்தோன்றல்களுக்கும் உரியதாயிற்று. அம்மையார் 1714 ஜூன் மாதத்தில் மறைந்தார். ஆன் அரசி அதே ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் மறைந்தார். ஆகவே, மகன் ஜார்ஜ் இங்கிலாந்தின் மன்னரானார். தமிழ்த் திருச்சபை வரலாற்றை அறிந்தோர் இம்மன்னரை மறக்கவியலாது. தரங்கம்பாடியில் ஊழியம் செய்த சீகன்பால்குவுக்கும் கிரண்ட்லருக்கும் 1717-ஆம் ஆண்டு ஊக்கமளிக்கும் கடிதம் எழுதியவர் இவரே.

அரசவை இலண்டனுக்குப் பெயர்ந்தது ஹெரன்ஹௌசனுக்கு இழப்பாகத் தோன்றலாம். ஆயினும் அந்தப் பாராமுகமே தோட்டத்தைக் காத்தது. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா எங்கும் பழைய நேர்கோட்டுத் தோட்டங்களை அழித்து, இயற்கைக் காட்சி போன்ற ஆங்கிலப் பூங்காக்களை அமைக்கும் வழக்கம் பரவிற்று. உரிமையாளர் தொலைவில் இருந்தமையால், இத்தோட்டத்தை மாற்றியமைக்க எவரும் முற்படவில்லை.

3. தோட்டத்தினுள்ளே

நகரிலிருந்து வருவோர் 1726-27-ஆம் ஆண்டுகளில் நடப்பட்ட நெடிய லிண்டன் மரச்சாலை வழியாக வரலாம். நான்கு வரிசைகளாக, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவுக்கு அச்சாலை நீளுகிறது. மரங்கள் பின்னர் புதுப்பிக்கப்பட்டன. சாலையின் வடிவமோ மாறவில்லை.

அரண்மனைக்கு முன்னுள்ள பார்ட்டேரில் நாம் நின்றபொழுது, முதலில் உணர்ந்தது வியப்பும் ஒருவகை அடக்கமும் ஆகும். ஒரு செடியும் தன் விருப்பப்படி வளரவில்லை. நடுவே மணி வடிவில் நீர் சொரியும் நீரூற்று. சுற்றிலும் வெண்ணிறம் பூசிய மணற்கற் சிலைகள். கிரேக்க உரோமத் தெய்வங்களோடு, நற்பண்புகளும் பருவங்களும் கண்டங்களும் மனித உருவில் அங்கு நிற்கின்றன. காலம், இடம், ஒழுக்கம் ஆகிய யாவும் அரசரின் பார்வைக்குள் வரிசையாய் நிறுத்தப்பட்டுள்ளன என்பதே அச்சிலைகள் உணர்த்தும் கருத்து.

அருகில் செடிவேலிகளையே திரைகளாகக் கொண்ட திறந்தவெளி நாடக அரங்கு உள்ளது. பொன் பூசிய ஈயச் சிலைகள் அதன் மேடையில் இருபுறமும் நிற்கின்றன. 1690-ஆம் ஆண்டுகளில் முடிந்த இவ்வரங்கில் இன்றும் நாடகங்கள் நடைபெறுகின்றன. 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த செயற்கைக் குகையும் இங்கு உண்டு. அதன் உட்புறத்தைக் கண்ணாடித் துண்டுகளாலும் வண்ணக் கற்களாலும் அணிசெய்யத் திட்டமிட்டவர் நிக்கி தெ செயின்ட் ஃபால் என்னும் கலைஞர். அவர் 2002-இல் மறைந்தபின், 2003-இல் அது திறக்கப்பட்டது.

நடுக்கோட்டில் தெற்கு நோக்கிச் சென்றால், தோட்டத்தின் பிற்பாதியை அடைவோம். இங்குப் பூக்கோலம் இல்லை. உயர்ந்த செடிவேலிகள் முக்கோண வடிவான நிலப்பகுதிகளைச் சூழ்ந்து நிற்கின்றன. அரண்மனையிலிருந்து தெளிவாகத் தோன்றிய வடிவம், இவ்வேலிகளுக்கிடையே நடப்பவருக்குத் தோன்றுவதில்லை. முன்னும் பின்னும் பசுஞ்சுவர், மேலே வானம், அவ்வளவே.

இப்பகுதியின் நடுவே பெரிய நீர்த்தாரை எழுகிறது. இதன் வரலாறு கற்பிக்கும் பாடம் சிறிதன்று. வெர்சேயின் நீரூற்றுகளை விஞ்ச வேண்டும் என்பது ஹனோவர் அரசவையின் விருப்பம். ஆனால் நிலமோ சமதளம். நீரை உந்தித் தள்ளும் உயரம் அங்கில்லை. லைனே ஆற்றின் நீரைக் கொண்டு இயந்திரங்களை இயக்கும் திட்டங்களை லைப்னிட்ஸ் வகுத்தளித்தார். பலர் முயன்றும் நெடுங்காலம் தோல்வியே கண்டனர். இறுதியில் ஆற்றின் குறுக்கே அணைகட்டி, நீர்ச்சக்கரங்களையும் பம்புகளையும் பொருத்தியபின், 1720-ஆம் ஆண்டளவில் நீர் ஏறத்தாழ 35 மீட்டர் உயரம் எழுந்தது. அப்பொழுது சோபியாவும் இல்லை, லைப்னிட்சும் இல்லை. இன்றைய இயந்திரங்கள் அதனை 70 மீட்டருக்கு மேல் எழச்செய்கின்றன. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர் என்னும் நம் ஆண்டவரின் கூற்றுக்கு (யோவான் 4:37) இதுவும் ஓர் எடுத்துக்காட்டே.

4. இரண்டு இலைகளைத் தேடியவர்

லைப்னிட்ஸ் 1676-ஆம் ஆண்டின் இறுதியில் ஹனோவர் அரசவைக்கு வந்தார். நூலகராகவும் ஆலோசகராகவும் நாற்பது ஆண்டுகள் பணிபுரிந்தார். சோபியா அம்மையாரோ ஆழ்ந்த வினாக்களை எழுப்பும் இயல்புடையவர். தோட்டத்தில் நடந்தவாறே அவர்கள் உரையாடினர்.

அவ்வுரையாடல்களுள் ஒன்றை லைப்னிட்சே பின்னர்ப் பதிவு செய்துள்ளார். இயற்கையில் முற்றிலும் ஒத்த இரு பொருள்கள் இல்லை என்பது அவருடைய கொள்கை. உடனிருந்த அரசவையினர் ஒருவர் இதனை ஏற்கவில்லை. ஒரே மாதிரியான இரண்டு இலைகளைக் காட்டிவிடலாம் என்றார். காட்டுக என்று அம்மையார் அறைகூவினார். அவரும் தோட்டமெங்கும் நெடுநேரம் தேடியலைந்தார்; கிடைக்கவில்லை.

இந்நிகழ்ச்சி நடைபெற்ற இடத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். காட்டில் இரு இலைகள் வேறுபடுதல் வியப்பன்று. வலமும் இடமும் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காகவே அமைக்கப்பட்ட தோட்டத்தில், கயிறு பிடித்து அளந்து வெட்டிய வேலியில், இரண்டு இலைகள் ஒத்திருக்கவில்லை. மனிதன் தரும் ஒழுங்கு வேலியின் புறத்தோடு நின்றுவிடுகிறது. படைத்தவர் தந்த ஒழுங்கோ ஒவ்வோர் இலையின் நரம்பு வரை செல்கிறது. முன்னது ஒப்புமையால் ஆவது. பின்னது தனித்தன்மையால் ஆவது.

இக்கருத்து அவருடைய பிற பணிகளிலும் வெளிப்பட்டது. லோக்கும் மடத்தின் லுத்தரன் தலைவர் மோலானுசுடன் சேர்ந்து, உரோமன் கத்தோலிக்க சபையுடன் ஒப்புரவாகும் வழிகளை அவர் ஆராய்ந்தார். பெர்லினில் யாப்லோன்ஸ்கி என்னும் அரசவைப் போதகருடன், லுத்தரன் சபையும் சீர்திருத்தச் சபையும் ஒன்றுபடுதல் பற்றிக் கடிதப் போக்குவரத்து நடத்தினார். அம்முயற்சிகள் அவர்தம் வாழ்நாளில் கைகூடவில்லை. எனினும், ஒருமை என்பது ஒரே அச்சில் வார்த்தல் அன்று என்னும் உண்மை நமக்கும் வேண்டுவதே. சபையாரை ஒரே உயரத்துக்கு வெட்டி நிறுத்துவது ஆயர் பணியன்று. ஆடுகளைப் பெயர்சொல்லி அழைக்கும் மேய்ப்பரையே நாம் பின்பற்றுகிறோம் (யோவான் 10:3).

5. சாளரத்திலிருந்து காணும் இறையியல்

சோபியாவின் மகள் சோபியா சார்லட் பிரஷ்யாவின் அரசியானவர். அவரும் லைப்னிட்சின் மாணவியார் எனத்தக்கவர். பியேர் பேல் என்னும் அறிஞர் தமது அகராதியில், தீமை உலகில் இருப்பதற்கு அறிவினால் விடைகாண முடியாது என வாதிட்டார். அதுபற்றி அரசி லைப்னிட்சுடன் பன்முறை உரையாடினார். 1705-ஆம் ஆண்டு, தமது 36-ஆம் வயதில் அரசி காலமானார். அவ்வுரையாடல்களிலிருந்து வளர்ந்ததே 1710-இல் வெளிவந்த 'தியோடிசி' என்னும் நூல். கடவுள், நீதி ஆகிய பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் ஆக்கிய சொல் அது.

அந்நூலின் மையக்கருத்தை நேர்மையுடன் எடுத்துரைக்க வேண்டும். உலகில் தீமை இல்லை என்று லைப்னிட்ஸ் சொல்லவில்லை. படைப்பின் வரம்புடைமை, உடல்படும் துன்பம், பாவம் என மூவகையாக அதனை அவர் பிரித்தார். கடவுள் தீமையை விரும்புவதில்லை. ஆனால் இயலக்கூடிய உலகங்கள் அனைத்திலும் சிறந்ததைப் படைக்கும்போது, அதில் தீமைக்கு இடந்தருகிறார் என்பது அவருடைய விடை. சில சித்திரங்கள் நேரே நின்று பார்ப்போருக்குக் குழப்பமாகவும், உரிய கோணத்திலிருந்து பார்ப்போருக்கு அழகிய உருவமாகவும் தோன்றும். உலகமும் அத்தகையது என்றும் அவர் விளக்கினார்.

இவ்விளக்கம் பரோக் தோட்டத்தின் இலக்கணத்தோடு எவ்வளவு நெருங்கிப் பொருந்துகிறது என்பதை வாசகர் காண்பர். சாளரத்திலிருந்து நோக்கினால் ஒழுங்கு. வேலிகளிடையே நிற்பவனுக்கு வெறும் பசுஞ்சுவர். சாளரத்தில் நிற்பவர் கடவுள் ஆதலால், ஒழுங்கு உண்டு என்று நம்பலாம். இந்நம்பிக்கையில் உண்மை உண்டு. நமது பார்வை முழுப்பார்வையன்று என்பதைப் பவுல் அப்போஸ்தலனும் உரைத்தார் (1 கொரிந்தியர் 13:12).

எனினும் இடர்ப்பாடு எங்கே தோன்றுகிறது? கடவுளுக்கு மட்டுமே உரிய அச்சாளரத்தில் இறையியலார் தாமும் ஏறி நின்று பேசத் தொடங்கும்போதுதான். 1755-ஆம் ஆண்டு, அனைத்துப் பரிசுத்தவான்கள் திருநாளன்று, லிஸ்பன் நகர் நிலநடுக்கத்தால் அழிந்தது. ஆலயங்களில் கூடியிருந்தோர் பலர் மடிந்தனர். அதன்பின் 1759-இல் வால்டேர் தமது 'காந்தீது' என்னும் கதையில், யாவும் நன்மைக்கே என்று ஓயாது கூறும் ஆசிரியர் ஒருவரைப் படைத்து நகையாடினார். லைப்னிட்சின் நுண்ணிய வாதத்துக்கு அது முழு நீதி செய்யவில்லை. ஆனால், துன்புறுவோனை நோக்கிச் சாளரத்திலிருந்து கூறப்படும் ஆறுதலுக்கு அந்நகைப்பு பொருந்தவே செய்தது.

சோபியா அம்மையாரின் முடிவையும் ஈண்டு நினைத்தல் தகும். 1714 ஜூன் 8-ஆம் நாள் மாலை, 83 வயதான அவர் தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தார். திடீரென மழை பெய்தது. ஒதுங்குவதற்காக விரைந்து நடந்தவர், நிலைகுலைந்து அங்கேயே உயிர்நீத்தார். அவ்வேளையில் லைப்னிட்ஸ் வியன்னா நகரில் இருந்தார். ஒவ்வொரு வேலியையும் ஒழுங்குபடுத்தியவரை, ஒழுங்குக்கு உட்படாத ஒரு மழை எதிர்கொண்டது. இன்று அத்தோட்டத்தில் அவருடைய நினைவுச் சிலை உள்ளது.

யோபுவின் நூலில் கடவுள் அளிக்கும் மறுமொழி இங்கு நமக்கு ஒளி தருகிறது. யோபு விளக்கம் கேட்டான். கடவுளோ அவனை ஒழுங்குபடுத்திய தோட்டத்திற்குள் அழைத்துச் செல்லவில்லை. மனிதர் குடியிராத வனாந்தரத்தில் பெய்யும் மழையையும் (38:26), எவரும் கட்டிவைக்காத காட்டுக் கழுதையையும் (39:5), முட்டைகளை மணலில் விட்டுச்செல்லும் தீக்குருவியையும் (39:13-15) காட்டினார். மனிதப் பார்வையை நடுவாகக் கொண்டு அமையாத படைப்பு அது. அதில் ஒழுங்கு இல்லாமல் இல்லை. ஆனால் அவ்வொழுங்கை யோபு சாளரத்திலிருந்து நோக்கவில்லை. அதன் நடுவில் சாம்பலில் அமர்ந்தவாறே கேட்டான்.

6. அரண்மனை இல்லாத நடுக்கோடு

தோட்டத்தின் பிற்கால வரலாறும் இச்சிந்தனைக்குத் துணைசெய்கிறது. பழுதுற்றுக் கிடந்த தோட்டத்தை ஹனோவர் நகராட்சி 1936-இல் வாங்கியது. சீரமைத்து 1937-இல் திறந்தது. அது நாட்சி ஆட்சிக்காலம். வேலிகள் மீண்டும் நேராயின. நாட்டில் நீதியோ கோணலாயிற்று. 1941 டிசம்பர் முதல் ஹனோவரின் யூத மக்கள் கிழக்கே நாடுகடத்தப்பட்டனர். ஒழுங்கு தன்னிலே நன்மையாகிவிடாது. அது யாருடைய கண்ணுக்காக அமைகிறது என்பதே வினா. இதனை இத்தோட்டத்தின் வரலாறு எச்சரிக்கையாய் உணர்த்துகிறது.

1943 அக்டோபரில் வானிலிருந்து பொழிந்த குண்டுகளால் அரண்மனை எரிந்தழிந்தது. தோட்டமும் சேதமுற்றது, பின்னர் அது திருத்தப்பட்டது. அரண்மனையின் புறத்தோற்றம் மட்டும் பழைய வடிவில் மீண்டும் கட்டப்பட்டு, 2013-ஆம் ஆண்டில் கருத்தரங்க மண்டபமாகவும் அருங்காட்சியகமாகவும் திறக்கப்பட்டது. இடையிலே ஏறத்தாழ 70 ஆண்டுகள், எல்லாக் கோடுகளும் சென்று சேரும் இடம் வெறுமையாய் இருந்தது. அரசனின் சாளரம் இல்லை. ஆயினும் அத்தோட்டம் பயனற்றதாகவில்லை. நகர மக்கள் அதன் பாதைகளில் நடந்தனர். குழந்தைகள் நீரூற்றருகே விளையாடினர். மேலிருந்து ஒருவர் காண்பதற்காக அமைந்தது, கீழே பலர் நடப்பதற்காக ஆயிற்று.

7. ஆயர் பணிக்குரிய பயன்

இங்ஙனம் கண்டவற்றிலிருந்து, நம் ஊழியத்துக்கு இரு கருத்துகளைத் திரட்டிக்கொள்ளலாம்.

முதலாவது, கடவுளின் ஒழுங்கை நாம் அறிக்கையிட வேண்டும். ஆனால் அதனைக் கண்டவர்போல் பேசலாகாது. இளம்பிள்ளையை இழந்த தாயின் வீட்டில், யாவும் கடவுளின் திட்டம் என்று முதற்சொல்லாகக் கூறுவது, சாளரத்திலிருந்து குரல் கொடுப்பதாகும். திட்டம் உண்டு என்பது பொய்யன்று. ஆனால் அந்நேரத்தில் அதனைக் கூறுதற்கு நாம் நிற்கும் இடம் தகுதியற்றது. அத்தாய் வேலிகளிடையே நிற்கிறாள். நாமும் அங்கேயே நிற்கவேண்டும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் மௌனமாய் அமர்ந்தபோதுதான் நல்ல ஆயராய் இருந்தனர்.

இரண்டாவது, நாம் போதிக்கும் கடவுள் சாளரத்தில் மட்டும் நிற்பவர் அல்லர். ஏதேனில் அவர் தோட்டத்தினுள் உலாவினவராகக் காட்டப்படுகிறார் (ஆதியாகமம் 3:8). கெத்செமனேயில் அவருடைய குமாரன், மேலிருந்து நோக்காமல், தரையில் முகங்குப்புற விழுந்து கிடந்தார். உயிர்த்தெழுந்த காலையில் மகதலேனா மரியாள் அவரைக் கண்டு, தோட்டக்காரர் என எண்ணினாள் (யோவான் 20:15). அவ்வெண்ணம் ஆழ்ந்த பொருளுடையதென உரையாசிரியர் பலர் கருதியுள்ளனர். தோட்டக்காரர் பாதையில் நிற்பவர். கையில் மண் படிந்தவர். ஒவ்வோர் இலையையும் தனித்தனியே அறிந்தவர். அவர் அவளுக்கு எந்த விளக்கமும் அளிக்கவில்லை, பெயரிட்டு அழைத்தார். அதுவே அவளுக்குப் போதுமானதாயிற்று.

அறிவினால் இயன்ற எல்லை வரை சென்று, கடவுளின் நீதியை நிலைநாட்ட முயன்ற லைப்னிட்சின் உழைப்பை நாம் இகழ வேண்டுவதில்லை. வகுப்பறையில் அவருடைய வாதம் கற்கத்தக்கதே. ஐயமுற்ற மாணவர்க்கு அது துணைசெய்யும். ஆனால் துக்கவீட்டு வாசலில் நாம் எடுத்துச்செல்ல வேண்டியது, அவர் தோட்டத்தில் காட்டிய மற்றொரு பாடம்: எந்த இலையும் மற்றோர் இலை போன்றதன்று. எந்தத் துன்பமும் மற்றொரு துன்பம் போன்றதன்று. ஆதலால், எல்லார்க்கும் ஒரே விடையைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வீட்டினுள்ளும் நாம் நுழையாதிருப்போமாக.